பெண்ணாகவே விடுதலையா, ஆணாய்ப் பிறந்த பிறகா: சோமாவும் மணிமேகலையும்

பூம்புகார்ப் பல்லவனேச்சரத்தில் தோண்டி எடுத்த புத்த விகாரையின் செங்கல் தளத்தைப் பார்க்கும்போதெல்லாம் மணிமேகலைதான் நினைவுக்கு வருவாள். புகார்ப் பக்கத்தாருக்கு அவள் எங்கள் வீட்டுப் பெண். ஆனாலும் பௌத்தம் பெண்ணுக்கு என்ன இடம் கொடுத்தது என்று கேட்டால், நான் சோமாவின் பக்கம்தான் நிற்பேன்.

சோமா, பௌத்தப் பெண் துறவிகளின் பாடல் தொகுப்பான தேரிகாதையில் பாடல் உள்ள பிக்குணி. வடநாட்டுச் சாவத்தி நகருக்கு அருகே காட்டில் தியானத்தில் இருக்கிறாள். தவத்தைக் கலைக்கப் பார்க்கும் மாரன் வந்து, முனிவர் எட்டும் நிலை இருவிரல் அறிவுள்ள பெண்ணுக்கு எட்டாது என்கிறான். அதென்ன இருவிரல்? ஏழெட்டு வயதிலிருந்து சோறாக்கினாலும், பருக்கையை விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்தால்தான் வெந்தது பெண்ணுக்குத் தெரியுமாம். பழைய உரை அப்படித்தான் விளக்குகிறது.

என் அம்மாச்சி அகப்பையில் நாலு பருக்கை அள்ளி, ஊதி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவாள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஒரு கொதி. எந்த நெல்லுக்கு எத்தனை கொதி என்று அந்த விரல்களுக்குத் தெரியும். அதையா இளப்பம் பேசினான்?

சோமா கலங்கவில்லை. மனம் ஒருமைப்பட்டு அறிவு விளங்கும்போது பெண்ணாய் இருப்பது எதைத் தடுக்கும் என்று கேட்கிறாள். மாரன் போய்விடுகிறான்.

ஊருக்கு உழைத்ததில் மணிமேகலைக்கு ஈடில்லை. ஆதிரை இட்ட முதல் பிச்சையோடு அமுதசுரபி நிரம்புகிறது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. ஆனால் வஞ்சியில் சமயவாதிகளிடம் பேச அவள் ஆண் தவசி வடிவம் எடுக்க வேண்டியிருக்கிறது. இளம்பெண்ணுக்கு யாரும் தத்துவம் சொல்ல மாட்டார்களாம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தூணில் இருந்து வருவதுரைக்கும் தெய்வமான கந்திற்பாவை சொல்வதுதான் எனக்கு ஆறவில்லை: இனி உத்தர மகதத்தில் எடுக்கும் பிறவியெல்லாம் ஆண்பிறவி, அதன் பிறகே வீடுபேறு. இத்தனை பேர் பசியாற்றிய கை அதற்குப் போதவில்லையா?

சோமா இருந்த சங்கத்திலும் குறை உண்டு. நூறு வருஷம் துறவில் இருந்த பிக்குணியும் அன்றைக்குத் துறவேற்ற பிக்குவை எழுந்து வணங்க வேண்டும் என்பது பிக்குணிகளுக்கு வகுத்த எட்டு விதிகளில் முதலாவது. அங்கே பெண்ணைத் தாழ்த்தியது மடத்து வரிசைதான். ஞானத்தின் வாசல் திறந்தே இருந்தது. மணிமேகலைக்கு அந்த வாசலிலேயே காத்திருக்கச் சொன்னார்கள்.

போன மாதம் அக்கா மகள் மணிமேகலையைப் படித்துவிட்டு, “ஏன் சித்தி, பெண்ணாவே போகக் கூடாதா?” என்றாள். சோமா கதையை அன்றைக்குத்தான் அவளுக்கு முதல்முறையாகச் சொன்னேன், உலை கொதித்துக்கொண்டிருந்த அடுப்படியில்.