காரைக்குடியா, மதுரையா, சிங்கப்பூரா? காது மந்தத்திற்கும் இரைச்சலுக்கும் உதவி தேடும் வழிகள்

செட்டிநாட்டுப் பக்கத்தில், வயதானவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று தெரிந்ததும் குடும்பத்தார் முன் நான்கு வழிகள் நிற்கின்றன. காரைக்குடியிலேயே இருக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் காது மிஷின் கடைகளும் ஒரு வழி. அரசு மருத்துவமனையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் இன்னொரு வழி. மூன்றாவது, மதுரை, திருச்சி பெரிய மருத்துவமனைகள். நான்காவது, சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் பிள்ளைகள் அங்கிருந்து வாங்கி வரும் கருவி. இவற்றை விலையையும் பேரையும் வைத்தே பலரும் ஒப்பிடுகிறார்கள். ஆனால், கருவியை மாட்டிக்கொண்ட பிறகு அதைத் திருத்திக்கொள்ள அந்தப் பெரியவர் துணைக்கு ஆள் தேடாமல் எத்தனை முறை திரும்பப் போய்வர முடியும் என்பதையே முதல் அளவுகோலாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரே ஒரு நிலையில் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. நேற்று வரை நன்றாகக் கேட்ட ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளுக்குள், அடைத்தாற்போல் கேட்காமல் போனால், அதைச் சளி என்றோ அழுக்கு என்றோ எண்ணிக் காத்திருக்கக் கூடாது. உள்காது நரம்பு சார்ந்த திடீர்ச் செவித்திறன் இழப்பாக அது இருந்தால், ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்திற்குள், முடிந்தால் முதல் சில நாட்களிலேயே, தொடங்கினால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். அன்றைக்கே எந்தக் காது மருத்துவர் கிடைக்கிறாரோ அவரிடம் போவதே சரி.

சோதனையில் இருக்கும் வேறுபாடு

மற்ற எல்லாருக்கும் தொடக்கம் ஆடியோகிராம் என்னும் செவித்திறன் சோதனைதான். ஹெட்போனை மாட்டி, 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை ஒவ்வொரு காதிலும் தனித்தனியாகக் கொடுத்து, கேட்கும் மிக மெல்லிய அளவைத் தாளில் குறிப்பார்கள். வலக்காதுக்குச் சிவப்பு வட்டம், இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறி. வயதால் வந்த மந்தமாக இருந்தால், அந்தக் கோடு தாளின் இடப்பக்கமான கீழ் அலைவரிசையில் ஓரளவு மேலேயே ஓடி, 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சரிந்து இறங்கும். உயிரெழுத்துகளின் ஒலி பெரும்பாலும் கீழ் அலைவரிசையில் இருப்பதால் அது காதில் விழுந்துவிடும். ச, த, ப போன்ற மெய்களின் கூர்மை மேல் அலைவரிசையில் இருப்பதால் அது நழுவிவிடும். "பத்து" என்றது "கத்து" என்றோ "சத்து" என்றோ கேட்பது இதனால்தான். "கத்தாத அப்பச்சி, காது நல்லாத்தான் கேக்குது, நீ சொல்றதுதான் வெளங்கல" என்று பேரனிடம் சொல்லும் அப்பத்தா பிடிவாதத்தில் பேசவில்லை. தம் ஆடியோகிராமைத்தான் சொல்கிறார். சத்தம் போட்டுப் பேசினால் ஏற்கெனவே கேட்கும் பகுதிதான் இன்னும் பெரிதாகும் என்பதால், நிதானமாக, முகத்தைப் பார்த்துப் பேசுவதே பயன் தரும்.

இந்தச் சோதனையைப் பல கடைகள் இலவசமாகச் செய்து தருகின்றன. அதில் தவறில்லை என்றாலும், மின்விசிறி ஓடிக்கொண்டிருக்க, கண்ணாடிக் கதவுக்கு வெளியே பேருந்து ஹாரன் ஒலிக்க எடுக்கும் சோதனையில் மெல்லிய ஒலிகள் அமுங்கிப்போய், இழப்பு உள்ளதைவிட அதிகமாகப் பதிவாகும். ஆகவே கடைக்கும் கடைக்கும் உள்ள வேறுபாட்டை மூன்று கேள்விகளில் தெரிந்துகொள்ளலாம். ஒலி புகாத அறை இருக்கிறதா? காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அதிர்வுக் கருவியை வைத்து எலும்புவழிச் சோதனையும் செய்கிறார்களா? சோதிப்பவர் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த ஆடியாலஜிஸ்டா, அதாவது செவித்திறன் நிபுணரா? எலும்புவழிச் சோதனை இல்லாவிட்டால், நடுக்காதில் குறையா, உள்காது நரம்பில் குறையா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. செவிப்பறை ஓட்டையோ, சீழோ, அடைத்த குறும்பி என்னும் காது அழுக்கோ காரணமாக இருந்தால் மிஷினே தேவைப்படாமல் போகலாம் என்பதால், கடைக்குப் போகும் முன் மருத்துவர் ஒருவர் காதுக்குள் பார்த்துவிடுவது நல்லது.

உள்ளூரும் பெருநகரும்

மதுரையும் திருச்சியும் காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சில குறைகளுக்கு அந்தத் தொலைவைப் பார்க்கவே கூடாது. ஒரு காதில் மட்டும் மந்தமும், வெளி ஒலி இல்லாமலே உள்ளே கேட்கும் இரைச்சலும் இருந்தால், செவி நரம்பில் கட்டி எதுவும் இல்லை என்று எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதிசெய்ய வேண்டியிருக்கும். நாடித் துடிப்போடு சேர்ந்து "டப் டப்" என்று கேட்கும் இரைச்சலுக்கு இரத்தக் குழாய்களைப் பார்க்க வேண்டும். தலைசுற்றலோடு வரும் மந்தம், நடுக்காது எலும்பு இறுகிப்போகும் நோய்க்கான அறுவை, பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு அறுவை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி ஆகியவையும் பெரிய மருத்துவமனையின் வேலைகள். குழந்தை விஷயத்தில் ஒவ்வொரு மாதமும் பேச்சு வளர்ச்சியைப் பாதிப்பதால், ஊரில் யார் என்ன சொன்னாலும் தள்ளிப்போடக் கூடாது.

ஆனால் பெரும்பான்மையோருக்கு இருப்பது இரு காதிலும் மெல்ல வந்த வயதின் மந்தம். அவர்களுக்கு மதுரையில் கிடைக்கும் கருவியும் காரைக்குடியில் கிடைக்கும் கருவியும் ஒரே நிறுவனங்களின் தயாரிப்புகள்தாம். வேறுபாடு வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது. காது மிஷின் கண்ணாடி போல மாட்டியதும் சரியாகிவிடும் பொருள் அல்ல. பல ஆண்டுகளாகக் கேட்காத ஒலிகளுக்கு மூளை பழக வேண்டியிருப்பதால், முதலில் குறைந்த அளவில் வைத்து, வாரக்கணக்கில் படிப்படியாக ஏற்றுவார்கள். முதல் நாளில் பாத்திரம் வைக்கும் சத்தம் மண்டையைப் பிளக்கும். தம் குரலே அடைத்துக் கேட்கும். காது அச்சு எங்கேயோ உறுத்தும். இதையெல்லாம் சரிசெய்ய மூன்று, நான்கு முறையாவது போக வேண்டும். காலையில் பேருந்து பிடித்து, மகனையோ பக்கத்து வீட்டுப் பையனையோ துணைக்கு அழைத்துக்கொண்டு 90 கிலோமீட்டர் போக வேண்டும் என்றால், இரண்டாவது முறையோடு அந்த மிஷின் அலமாரிக்குள் போய்விடும். விலை உயர்ந்த கருவி அலமாரியில் கிடப்பதைவிட, நடுத்தர விலைக் கருவி தினமும் எட்டு, பத்து மணி நேரம் காதில் இருப்பதே மேல்.

பழுது என்று சொல்வதில் பெரும்பகுதி மிகச் சிறியது. ஸ்பீக்கர் முனையில் உள்ள வடிகட்டியைக் குறும்பி அடைத்திருக்கும், அல்லது பேட்டரி தீர்ந்திருக்கும். காற்றுப்பட்டு இயங்கும் துத்தநாகப் பேட்டரியின் ஒட்டியை உரித்ததும் உடனே கருவிக்குள் போட்டு மூடாமல், ஓரிரு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போட வேண்டும் என்பதைக்கூடப் பலருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ஒட்டியின் நிறம் அளவைக் காட்டும்: 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். விரல் நடுங்குபவர்களுக்குப் பெரிய பேட்டரி போடும் காதுக்குப்பின் கருவியோ, இரவில் பெட்டியில் வைத்து சார்ஜ் செய்யும் கருவியோதான் ஏற்றது; காதுக்குள் மறைந்திருக்கும் மிகச் சிறிய கருவியை அழகுக்காக வாங்கிக் கொடுப்பது அவர்களைச் சிரமப்படுத்துவதாகும்.

அரசு வழி

காரைக்குடியில் அரசுத் தலைமை மருத்துவமனையும், சிவகங்கையில் 2012-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும், புதுக்கோட்டையில் 2017-இல் தொடங்கிய கல்லூரியும் இருக்கின்றன. செட்டிநாட்டு ஊர்கள் இரு மாவட்டங்களில் பிரிந்து கிடப்பதால், மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கும் கருவிக்கும் எந்த மாவட்ட அலுவலகம் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். கானாடுகாத்தான்காரருக்குச் சிவகங்கை, பொன்னமராவதிக்காரருக்குப் புதுக்கோட்டை.

இந்த வழியின் பெரும் பலம், மருத்துவரும் சோதனையும் செலவின்றிக் கிடைப்பது. பலவீனம், தகுதி வரம்பு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சு அலைவரிசையில் இரு காதிலும் 60 டெசிபலுக்கு (ஒலி அளவின் அலகு) குறையாத இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைபாடு உடையவராகக் கணக்கில் வருவார். 45, 50 டெசிபல் இழப்போடு அன்றாடம் அல்லல்படும் பெரியவருக்கு அடையாள அட்டை கிடைக்காது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள 60 வயதைக் கடந்தவர்களுக்கு, 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்ட முகாம்களில் காது மிஷினும் தருகிறார்கள். இலவசமாகக் கிடைத்த கருவியை அப்படியே மாட்டிக்கொண்டு கேட்கவில்லை என்று ஒதுக்காமல், ஆடியோகிராமோடு எடுத்துப்போய் அளவு வைத்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குவது முக்கியம்.

வெளிநாட்டுக் கருவி

பிள்ளைகளின் பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் பல நிறுவனங்களின் உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடுகிறது. இங்குள்ள கடையில் அதற்கு அளவு வைத்துத் தரத் தயங்குகிறார்கள். கைப்பேசி வழியாகத் தொலைவிலிருந்தே திருத்தும் வசதி நல்லதுதான், ஸ்மார்ட்போனைக் கையாளும் பெரியவருக்கு மட்டும். இணையத்தில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கும் ஒலிபெருக்கிகளை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவை எல்லா அலைவரிசையையும் ஒரே அளவில் பெருக்குவதால், தேவையற்ற இரைச்சலைக் கூட்டி, எஞ்சிய கேள்வித்திறனுக்கும் கேடு செய்யக்கூடும்.

கருவி எதுவாயினும் நம் வீடுகளின் அமைப்பு அதற்குச் சவாலானது. உயர்ந்த கூரை, சுண்ணாம்பு பூசி வழவழப்பாக்கிய சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை எல்லாம் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகின்றன. முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் நான்கு பேர் சேர்ந்து பேசினால் சொல்லும் எதிரொலியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மிஷின் போட்டவருக்குக் குழம்பிப்போகும். பேச்சைச் சிறிய அறைக்கு மாற்றி, தரையில் ஜமுக்காளம் விரித்து, சன்னலுக்குத் திரை போட்டால், கருவியை மாற்றாமலே தெளிவு கூடுவதைக் காணலாம். சோதனைக் காலத்தில் கருவியைக் கடையிலேயே கேட்டுப் பார்த்து முடிவு செய்யாமல், வளவிலும் கோயில் பிரகாரத்திலும் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவதற்கும் இதுவே காரணம். அப்படிச் சோதிக்கச் சில நாள் தராத கடையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரைச்சலுக்கு: மாத்திரையா, ஒலியா, பேச்சுச் சிகிச்சையா?

காதுக்குள் வண்டு ரீங்காரமிடுவது போன்ற இரைச்சலோடு வாழ்பவர்களின் துன்பம் வெளியே தெரிவதில்லை. உள்காதின் மயிர்ச் செல்கள் அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. வராத ஒலியை ஈடுகட்ட மூளை தன் உணர்திறனை ஏற்றிக்கொள்வதன் விளைவே பெரும்பாலும் இந்த இரைச்சல் என்பது இன்றைய விளக்கம். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில் இருக்க, வீட்டின் இரண்டாங்கட்டுப் பகுதியில் தனியே படுத்திருப்பவருக்கு இரவின் அமைதியில் அது பன்மடங்காகத் தெரியும்.

இதற்காக அதிகம் செலவாவது மாத்திரைகளுக்கு. ஜிங்கோ என்னும் மரத்தின் இலைச் சத்து இரைச்சலுக்குப் பயன்படாது என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. தலைசுற்றலுக்குத் தரும் பீட்டாஹிஸ்டின், தனித்த இரைச்சலைக் குறைப்பதற்குச் சான்று இல்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பு காட்டியது. பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது கேட்டையே விளைவிக்கும்.

கேள்விக்குறைவும் இரைச்சலும் சேர்ந்திருந்தால், காது மிஷினே முதல் மருந்து. வெளி ஒலி உள்ளே வந்ததும் பலருக்கு இரைச்சல் பின்னால் போய்விடுகிறது. இரவில் மிஷினைக் கழற்றிய பின், மின்விசிறியோ தாழ்ந்த ஒலியில் வானொலியோ ஓடவிடலாம். இரைச்சலை மூடி மறைக்கும் அளவுக்கு வைக்காமல், அதற்குச் சற்றுக் கீழே வைப்பதே பழகுவதற்கு உதவும்.

ஒலியால் மட்டும் தீராதவர்களுக்கு, சிந்தனையையும் நடத்தையையும் மாற்றப் பயிற்றும் பேச்சுச் சிகிச்சையான சி.பி.டி.க்குத்தான் சான்று வலுவாக உள்ளது. அது இரைச்சலின் அளவைக் குறைப்பதில்லை. இரைச்சல் தரும் அச்சத்தையும் தூக்கக்கேட்டையும் குறைக்கிறது. இதைக் கேட்டதும் "எனக்கென்ன மனக்கோளாறா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கால்வலிக்காரர் பயிற்சியாளரிடம் போவதில் வெட்கம் இல்லாததுபோல் இதிலும் தேவையில்லை. இந்த வகையில் மட்டும் நம் பக்கத்தில் உள்ளூர் வசதி குறைவு என்பதால், மதுரை, திருச்சியில் உள்ள மனநல நிபுணர்களை ஒரு முறை நேரில் பார்த்துவிட்டுப் பிறகு வீடியோ அழைப்பில் தொடரலாம். காது சற்று மந்தமானவர்கள் ஹெட்போனும் பெரிய திரையும் வைத்துக்கொண்டால் உரையாடல் எளிதாகும். இரைச்சலால் உயிர் வெறுத்துப்போகும் அளவுக்கு மனம் தளர்ந்தவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பத் தயாராக இருக்கும் பிள்ளைகளுக்கு என் யோசனை இது: கருவியை அங்கே வாங்காமல், காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ மேற்சொன்ன மூன்று கேள்விகளுக்கும் தேறிய இடத்தில், இரு காதுக்கும் நடுத்தர விலையில் வாங்குங்கள். மிச்சப்படும் தொகையில் ஓராண்டுக்கான பேட்டரி, வடிகட்டிகள், ஈரம் உறிஞ்சும் பெட்டி, மாதம் ஒரு முறை கடைக்கு அழைத்துப்போக ஆட்டோக் கூலி ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். முதல் இரண்டு மாதம், தொலைபேசியில் பேசும்போது "மிஷின் போட்டீர்களா?" என்பதோடு நிறுத்தாமல், எந்த இடத்தில், யாருடைய பேச்சு புரியவில்லை என்று கேட்டு எழுதி வையுங்கள்; ஆடியாலஜிஸ்ட் அளவை மாற்றுவதற்கு அவருக்கு வேண்டியது அந்தக் குறிப்புதான்.