கரண்ட் வந்ததும் தானாக எழும்ப: கிரானா, சிஸ்டம்டியா?

யாழ்ப்பாணம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு புத்தகக் கடை. அங்கே பழைய கொம்பியூட்டரில் டெபியன் லினக்ஸ் போட்டு, அன்றைய பில் கணக்கை இன்டர்நெட்டில் ஏற்றி வைக்கிற பைதன் நிரல் ஒன்றை ஓடவிட்டிருந்தேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்கூட கரண்ட் நிண்டது. கரண்ட் வந்த கையோடு கடைக்கார அண்ணை போன் எடுப்பார்: "தம்பி, உன்ர சாமான் இண்டைக்கும் எழும்பேல்லை."

முதலில் நம்பியது கிரானை, அதாவது சொன்ன நேரத்தில் நிரல்களை ஓட்டிவிடும் லினக்ஸ் கருவியை. அதன் பட்டியலான கிரான்டேப்பில் '@ரீபூட்' (பூட் ஆனதும் ஓட்டு) என்று ஒற்றை வரி. ஒரு நிமிட வேலை, ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) அனுமதியும் தேவையில்லை. ஆனால் நிரலை ஒருமுறை தட்டி எழுப்புவதோடு கிரானின் கடமை முடிந்தது. பிறகு அது விழுந்தால் திரும்பியும் பாராது. எங்கள் சிக்கலே அதுதான்: கொம்பியூட்டர் அரை நிமிடத்தில் எழும்பிவிடும், ரவுட்டர் லைன் பிடிக்க இரண்டு நிமிடம். நெட் இல்லாமல் நிரல் செத்துப்போகும்.

பூட் ஆகும்போது ஓடும் 'ஆர்சி.லோக்கல்' என்ற ஸ்கிரிப்டில் எழுதி வைப்பது பழைய ஆட்களின் பழக்கம். அப்போதும் அது ஓடியதுதான், ஆனால் எல்லாவற்றையும் ரூட்டாக ஓட்டுவதால் நான் தொடவில்லை.

சிஸ்டம்டி என்பது லினக்ஸில் நிரல்களைத் தொடக்கிக் கண்காணிக்கிற மேலாளர். அதற்கு, எதை எப்படி ஓட்டுவது என்று பத்து வரியில் ஒரு சர்வீஸ் ஃபைல் எழுத வேண்டும். 'ஸ்டார்ட்' இப்போதைக்கு மட்டும் ஓட்டும். 'இனேபிள்' அடுத்த பூட்டுக்கு ஒரு சிம்லிங்க் (அந்த ஃபைலைக் காட்டும் சுட்டி) போட்டு வைக்கும். முதல் நாள் நான் ஸ்டார்ட் மட்டும் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவன்.

'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்' வரும்வரை காத்திரு என்று எழுதியும் பலனில்லை. ரவுட்டர் ஐபி கொடுத்தால் அதற்குப் போதும், வெளி லைன் வந்ததா என்று பாராது. அடுத்து 'ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்' போட்டேன். அதிலும் ஒரு பொறி. இடைவெளி சொல்லாவிட்டால் 100 மில்லிசெக்கனில் திரும்ப எழுப்பும். 10 செக்கனுக்குள் 5 முறை தொடங்கியும் விழுந்தால் கைவிட்டுவிடும். 'ரீஸ்டார்ட்செக்=15' என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான், லைன் வரும்வரை விழுந்து விழுந்து எழும்பியது. ஏன் விழுந்தது என்பதையும் 'ஜர்னல்சிடிஎல்' என்ற பதிவு பார்க்கும் கட்டளை வரி வரியாகச் சொல்லும். கிரானில் அதை நாங்களே ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட வேண்டும்.

பூட் ஆனதும் ஒருமுறை ஓடி முடிகிற சில்லறை வேலைக்கு இன்னமும் கிரான்தான் வைத்திருக்கிறேன்.

ஒன்று விட்டுப்போச்சு. கரண்ட் வந்ததும் மெஷின் தானாக ஆன் ஆக மதர்போர்டின் பயோஸில் ஒரு செட்டிங் இருக்கிறது. அதை மாற்றாவிட்டால், அண்ணை வந்து பொத்தானை அமத்தும்வரை மூன்றும் ஒன்றுதான். நான் அதைக் கவனிக்க ஒரு கிழமை போனது.