வேலை மாறும் முன் படிக்க வேண்டிய கிளாஸ்டோர்

ஊழியர்கள் தங்கள் நிறுவனங்களைப் பற்றி எழுதும் இணையதளமாக அமெரிக்காவில் 2008இல் பயன்பாட்டுக்கு வந்த கிளாஸ்டோருக்குள் பலரும் சம்பள விவரம் பார்க்கவே நுழைகிறார்கள். என்னைக் கேட்டால், முன்னாள் ஊழியர்கள் பெயர் வெளியிடாமல் எழுதும் குறைகள்தாம் அதைவிட மதிப்புள்ளவை. புதிதாகச் சேர்ந்தவருக்குத் தம்மைவிடக் கூடுதல் சம்பளம் என்று தெரிந்ததுமே வேறு வேலை தேடத் தொடங்கியதாக ஒருவர் எழுதும்போது, சம்பளத்தைவிட அவமதிப்பே அவரை வெளியேற்றியது என்பது புரிகிறது. விடுப்பு கேட்டால் முகம் சுளிக்கும் மேலாளர், தள்ளிக்கொண்டே போகும் பதவி உயர்வு, இரவு பத்து மணிக்கு வரும் அழைப்பு ஆகியவற்றை வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு பிரிவினர் எழுதியிருந்தால் தயங்காமல் நம்பலாம்.

நட்சத்திர மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பத்துப் பதிவுகள்கூட இல்லாத சிறு நிறுவனத்திற்கு அந்த எண் பொருளற்றது. பிறர் எழுதியதை முழுமையாகப் படிக்க நாமும் எழுத வேண்டும் என்ற ஏற்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது.

மூன்று மாத நோட்டீஸ் காலம் கேட்கும் இந்திய ஐ.டி. நிறுவனங்களில் ராஜினாமா கொடுத்தபின் பின்வாங்குவது எளிதல்ல என்பதால், சேரவிருக்கும் நிறுவனத்தைப் பற்றிய அண்மைப் பதிவுகளை அதற்கு முன்பே நிதானமாகப் படித்துவிடுங்கள்.