வேலூர் போர்வெல் தண்ணீரில் கோத்ரெஜ் ஷேவிங் க்ரீம்

வீட்டில் போர் தண்ணீரா? அப்படியானால் எந்த க்ரீம் வாங்கினாலும் நுரைதான் தகராறு. உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து திரிந்துவிடும். கன்னம் வெள்ளையாகத் தெரியும், ஆனால் வழுக்காது. அதற்குப் பதில் கேன் தண்ணீரைச் சூடாக்கிப் பாருங்கள், அதில் கோத்ரெஜ் அருமையான க்ரீம். பட்டாணி அளவு போதும். பிரஷை நனைத்து நன்றாக உதறி, ஒரு நிமிடம் வட்டமாகத் தேய்த்தால், எடுத்த இடத்தில் நுரை கூம்பாக நிற்கும். அதுவரை ரேசரைத் தொடவே கூடாது.

முதல் இழுப்பு முடி வளரும் திசையில். பிளேடை 30 டிகிரி சாய்த்து, அழுத்தாமல். தாடைக்குக் கீழே முடி சுழன்று வளரும், அங்கே எதிர்த்து இழுப்பதால்தான் மறுநாள் கொப்புளம். கடைசியில் குளிர்ந்த நீர், படிகாரம். கத்திரி வெயிலில் ஸ்பிரிட் கலந்த லோஷன் வேண்டவே வேண்டாம்.