வீட்டுக்கே வந்து சைக்கிளை மாட்டித் தருகிறோம் என்றார்கள், 14,799 ரூபாய் போச்சு

ஆன்லைனில் கியர் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள், முக்கியமாகச் செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கம் இருக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தைக் கட்டுங்கள். எனக்கு 14,799 ரூபாய் போச்சு. பையனுக்கு முழங்கால் கிழிந்தது. இரண்டுக்கும் பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை. சைக்கிள் வந்ததும் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எந்த ஆப் என்று கேட்காதீர்கள். அரிசியிலிருந்து பிரிட்ஜ் வரை விற்கிற பெரிய ஆப்தான். புகார் நிலுவையில் இருக்கும்போது பெயரைப் போட்டு வம்பை விலைக்கு வாங்காதே என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

பையன் பத்தாவது படிக்கிறான். பிளஸ் ஒன் போனால் பள்ளியிலேயே அரசாங்க சைக்கிள் கிடைக்கும், அதுவரை பொறுடா என்றால் கேட்கவில்லை. அவனுக்கு டிஸ்க் பிரேக் வேண்டும், கியர் வேண்டும், முன்னால் ஷாக் அப்சார்பர் வேண்டும். எங்கள் ஊர் சைக்கிள் கடை அண்ணாச்சி இதே மாதிரி வண்டிக்கு ஆயிரம் சொச்சம் கூடுதலாகக் கேட்டார். ஆப்பில் 14,799, வீட்டுக்கு வந்து மாட்டித் தருகிற 499 ரூபாய்க் கூலியும் அதிலேயே அடக்கம்.

விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள்: 85 சதவீதம் மாட்டியே வரும், மீதி 15 சதவீதத்தைப் பயிற்சி பெற்ற டெக்னீசியன் உங்கள் வீட்டில் வந்து மாட்டுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த 15 சதவீதம் என்னவென்றால் முன்சக்கரம், ஹேண்டில்பார், சீட், இரண்டு பெடல், பிரேக், கியர் செட்டிங். ஆளைக் கீழே தள்ளக்கூடியது அத்தனையும் அந்த 15-க்குள்தான் இருக்கிறது. மீதி 85-இல் இருப்பது பெயின்டும் ஸ்டிக்கரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி சொன்ன தேதிக்கு வந்தது. அதில் குறை சொல்ல முடியாது. கூடவே ஒரு குறுஞ்செய்தி: டெக்னீசியன் வரும்வரை பெட்டியைத் திறக்க வேண்டாம், நீங்களே மாட்டினால் வாரன்டி கிடையாது. சரி என்று திறக்காமல் முன்னறையில் சாய்த்து வைத்தோம். இந்தக் குறுஞ்செய்தியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

டெக்னீசியன் வரவில்லை. கேட்டால், எங்கள் ஏரியா கொல்லம் மண்டலத்தில் வருகிறதாம், ஆள் புனலூரிலிருந்து வர வேண்டுமாம். செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு நம் பக்கம் வந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. இந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. புனலூர் ஆபீஸுக்குப் பேசினால் அவர்கள் தமிழ்நாட்டு முகவரி எங்களுக்கு இல்லை என்றார்கள். எனக்கு மலையாளம் வரும், மர டிப்போவில் வேலை பார்க்கிறவன், கேரளா லோடு ஆட்களோடு தினமும் பேசுகிறேன். அப்படியும் அந்த ஆபீஸில் யார் பொறுப்பு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பையன் தினம் பள்ளிவிட்டு வந்ததும் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவான்.

ஒருவழியாக ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு இருபத்திமூன்று வயசு இருக்கும். சாரல் விழுந்துகொண்டிருந்தது, நனைந்தபடி பைக்கில் மலையேறி வந்திருக்கிறான். கையில் ஒரு ஆலன் கீ செட்டும் ஒரு ஸ்க்ரூ ஸ்பேனரும். வீட்டில் டீ போட்டுக் கொடுத்தார்கள். பாதித் தமிழ் பாதி மலையாளத்தில் நன்றாகப் பேசினான். "அண்ணா, பேடிக்கண்டா (பயப்படாதீங்க), நான் தினம் எட்டு பத்து சைக்கிள் மாட்டுறேன்" என்றான். கம்பெனி சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, போனில் என் ஆர்டர் நம்பர். இதற்கு மேல் ஒருவனை நம்ப என்ன வேண்டும்?

பக்கத்தில் நின்றுதான் பார்த்தேன். தேங்காய் உரிக்கிற வேகத்தில் வேலை நடந்தது. பெடலை மாட்டும்போது மட்டும் கொஞ்சம் திணறினான். மரை ஏறவில்லை. ஸ்பேனரைப் போட்டு, பிடியின் மேல் காலை வைத்து ஒரு மிதி மிதித்தான். கிரீச் என்று ஒரு சத்தம். என்ன தம்பி இப்படி இறுகுது என்றேன். "டைட்டா இருந்தா நல்லதுதான் அண்ணா, பின்னால கழன்று வராது" என்றான்.

முடித்துவிட்டு ஓடிபி கேட்டான். ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். உடனே அவனே ஏறி எங்கள் வாசலில் ஒரு வட்டம் அடித்துக் காட்டினான். பிரேக்கைப் பிடித்தான், வண்டி நின்றது. "மழை பலமாகுது, ஆரியங்காவு தாண்டுறதுக்குள்ள இருட்டிடும் அண்ணா" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான், அந்த எஸ் வளைவில் மழையும் இருட்டும் லாரியும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓடிபியைச் சொன்னேன். போனில் தட்டினான், கும்பிட்டான், போய்விட்டான். அந்தத் தட்டில் என்ன பதிவானது தெரியுமா? "பொருத்தும் பணி முடிந்தது, வாடிக்கையாளர் ஓட்டிப் பார்த்துத் திருப்தி தெரிவித்தார்."

ஞாயிற்றுக்கிழமை பையன் புளியரைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். கொல்லம் ரோடு. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது இடது பெடல் அச்சோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ரோட்டில் விழுந்தான். பின்னால் வந்தது கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப் போகிற லாரி. டிரைவர் தூரத்திலேயே பார்த்து நிறுத்தியிருக்கிறார், இல்லையென்றால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனோம். மனுஷர் தொடவே இல்லை, தூரத்திலிருந்தே, "டிஸ்க் பிரேக் ஏன் வலப்பக்கம் நிக்குது?" என்றார். எனக்குப் புரியவில்லை. அப்புறம் பக்கத்தில் நின்ற இன்னொரு சைக்கிளைக் காட்டினார். முன் பிரேக்கின் கேலிப்பர், அதாவது தட்டைக் கவ்விப் பிடிக்கிற பாகம், முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கின் இடது காலில் பின்பக்கமாக இருக்க வேண்டும். எங்களுடையது வலது காலில் முன்பக்கமாக இருந்தது. பெட்டிக்குள் இடம் பத்தாது என்று ஃபோர்க்கைப் பின்பக்கம் திருப்பி வைத்து அனுப்புவார்களாம். அதை முன்னால் திருப்பாமல் அப்படியே ஹேண்டில்பாரை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். பிரேக் வயர் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. திருப்பும்போது காலின் பெருவிரல் முன்சக்கரத்தில் இடிக்கிறது என்று பையன் சொன்னதற்கும் காரணம் அதுதான். புது சைக்கிள் அப்படித்தான் இருக்கும் போல என்று அவன் நினைத்திருக்கிறான், பாவம்.

பெடல் கதை அதைவிட மோசம். சைக்கிளில் இடது பெடலுக்கு எதிர்மரை. கடிகாரம் சுற்றுகிற திசைக்கு எதிராகத் திருப்பினால்தான் இறுகும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். எது எந்தப் பக்கம் என்று அச்சின் நுனியில் எல், ஆர் என்று ஆங்கில எழுத்தே பொறித்திருக்கும். அந்தப் பயிற்சி பெற்ற டெக்னீசியன் இரண்டையும் மாற்றிப் போட்டுக் காலால் மிதித்து ஏற்றியிருக்கிறான். அண்ணாச்சி வலது பெடலையும் கழற்றிக் காட்டினார். கிராங்கின், அதாவது பெடலைத் தாங்குகிற கையின், ஓட்டையிலிருந்து தலைமுடி மாதிரி மெல்லிசாக, சுருள் சுருளாக அலுமினியம் உதிர்ந்தது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு சுற்று மழுங்கி வழவழவென்று இருந்தது, அதற்கு மேல் பிசிறு. இரும்பு அச்சை அலுமினியத்துக்குள் எதிர்த்திசையில் திருகினால் அலுமினியம்தான் சாகும். "ரெண்டு கிராங்கும் போச்சு. உள்ள புது மரை வச்சு புஷ் அடிக்கலாம், ஆனா சின்னப் பையன் ஓட்டுற வண்டி, நான் மாட்டேன்" என்றார். பின்பக்கக் கியரிலும் செயின் எல்லை தாண்டாமல் தடுக்கிற லிமிட் ஸ்க்ரூவைச் சரியாக வைக்கவில்லை, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் செயின் போக்ஸ் கம்பிக்குள் விழுந்து சக்கரமே நின்றிருக்கும் என்றும் சொன்னார்.

இதற்கு அப்புறம்தான் உண்மையான கூத்து.

ஆப்பில் புகார் போட்டேன். உங்கள் டிக்கெட் மூடப்பட்டுவிட்டது, ஓடிபி கொடுத்திருக்கிறீர்கள் என்று இயந்திரம் பதில் சொன்னது. மனுஷ ஆள் கிடைக்க அரை மணி நேரம் பாட்டுக் கேட்டேன். அந்தப் பெண் ரொம்ப மரியாதை. "உங்கள் சிரமம் புரிகிறது சார்." புரிந்து என்ன செய்ய? பெட்டியைத் திறக்கும்போது எடுத்த வீடியோ அனுப்புங்கள் என்றார். பெட்டியைத் திறக்காதே என்று குறுஞ்செய்தி அனுப்பியவர்கள் நீங்கள், திறந்தது உங்கள் ஆள், வீடியோ நான் எடுக்கணுமா என்றேன். ஒரு நிமிஷம் சார் என்று மறுபடியும் பாட்டு.

போட்டோ அனுப்பினேன், தெளிவில்லை என்றார்கள். மறுபடி அனுப்பினேன், இது பயன்படுத்தியதால் வந்த சேதம், திருப்பி எடுக்க முடியாது என்று வந்தது. பயன்படுத்தத்தானே சைக்கிள் வாங்குகிறோம்? சைக்கிள் கம்பெனிக்குப் பேசினால், வாரன்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும், தவறாக மாட்டியதற்கு மாட்டியவரைக் கேளுங்கள் என்றார்கள். மாட்டியவர் யார் என்றால் ஆப்பின் சர்வீஸ் ஏஜென்சி. அந்த ஏஜென்சியின் திருநெல்வேலி ஆபீஸ், ஜாப் கார்டு, அதாவது வேலைப் பதிவு, புனலூரில் போட்டது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது. புனலூரில் ஒரு ஆள் மனசு இறங்கி, சைக்கிளை இங்கே கொண்டுவாருங்கள் பார்க்கிறோம் என்றார். எப்படி என்றேன். ரயிலில் போட்டுக்கொண்டு வாங்க என்றார். நல்லது. பார்சல் புக் பண்ணி, வழியில் பதிமூணு கண் பாலத்தையும் பையனுக்குக் காட்டிவிட்டு, உடைந்த சைக்கிளோடு மலையைத் தாண்டிப் போய், அங்கே தமிழ்நாட்டு முகவரி எடுக்க மாட்டோம் என்று கேட்டுவிட்டு வர வேண்டும்.

கடைசியாகப் பெரிய மனசு பண்ணி 500 ரூபாய் கூப்பன் தந்தார்கள். அதுவும் 4,999-க்கு மேல் வாங்கினால்தான் செல்லும். என் 14,799-ஐ எடுத்துக்கொண்டு, இன்னொரு 4,999 கொண்டுவா என்கிறார்கள்.

அந்த டெக்னீசியன் பையன் மேல்கூட எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி, அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும், யார் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? பயிற்சி பெற்றவர் என்று எழுதி 499 வாங்கியவர்களைத்தான் கேட்கிறேன்.

இப்போது 1915-க்கு, அதுதான் தேசிய நுகர்வோர் உதவி எண், பேசிப் புகார் பதிவு செய்திருக்கிறேன். ஆப்பின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் மெயில் போட்டாயிற்று. 2020-இல் வந்த இ-காமர்ஸ் விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒப்புதல் வந்தது. அதிலும் "உங்கள் சிரமம் புரிகிறது" என்றுதான் இருக்கிறது. ஒரு மாதம் பார்ப்பேன், அப்புறம் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் சரி, புனலூரில் இருந்தாலும் சரி.

வரிசையாக எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன். எல்லாவற்றையும் எழுதப் பொறுமை இல்லை, மணி பன்னிரண்டு ஆகிறது. அவசரத்துக்கு இவ்வளவுதான்.

பெடல் நுனியில் எல், ஆர் எழுத்தைப் பாருங்கள். முதல் சில சுற்று கையால் திருகினாலே ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ஸ்பேனரைத் தொட விடாதீர்கள். டிஸ்க் பிரேக் வண்டியில் முன் கேலிப்பர் இடப்பக்கம் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்தில் டக் டக் என்று ஆடினால் லூஸ். சீட் கம்பியில் கோடு போட்டிருக்கும், அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது. முன்சக்கரத்தை இரண்டு காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்து ஹேண்டில்பாரைத் திருப்புங்கள், தனியாகத் திரும்பினால் ஏறாதீர்கள்.

பெட்டி திறப்பதிலிருந்து போனில் வீடியோ எடுங்கள். ஓடிபியை நீங்கள் ரோட்டில் ஓட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள், மழை வந்தாலும் சரி, ஆள் கோபித்தாலும் சரி.

இதே ஏஜென்சியிடம் மாட்டிய தென்காசி, செங்கோட்டை ஆட்கள் இருந்தால் ஜாப் கார்டு குறுஞ்செய்தியை அழிக்காமல் வையுங்கள். தனித்தனியாகக் கத்துவதற்குப் பதில் சேர்ந்து புகார் கொடுக்கலாம்.