ஜெல்லிமீன் டிஎன்ஏ: கிட்டா, சிடிஏபியா?

ஜெல்லிமீன் திசுவிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுக்க இரண்டு வழி: கடையில் வாங்கும் ஆயத்த கிட், அல்லது சிடிஏபி (CTAB) என்ற சோப்பு போன்ற வேதிப்பொருளை வைத்து நாமே செய்யும் முறை. சில வருடங்களாக இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். ஜெல்லிமீனைப் பொறுத்தவரை என் ஓட்டு சிடிஏபிக்குத்தான்.

எந்த முறையானாலும் பாதி வேலை திசுவை வெட்டும்போதே முடிந்துவிடுகிறது. உடம்பில் சுமார் 95 விழுக்காடு தண்ணீர். குடையின் நடுவில் எவ்வளவு வெட்டினாலும் செல்கள் குறைந்த கூழ்தான் வரும். நான் வாய்க்கரம் அல்லது குடை விளிம்பில் வெட்டுவேன். முதிர்ந்ததென்றால் இனப்பெருக்க உறுப்பில். வயிற்றுப் பக்கம் போவதில்லை, அது தின்றவற்றின் டிஎன்ஏவும் சேர்ந்து வரும். கசியோப்பியா என்ற ஜெல்லிமீனில் உடம்புக்குள்ளேயே பாசி குடியிருக்கிறது, அது தனித் தலைவலி. வெட்டியதை 95% எத்தனாலில் போட்டு, மறுநாள் எத்தனாலை மாற்றிவிட வேண்டும். திசுவின் தண்ணீரே அதை நீர்க்க வைத்துவிடும். ஃபார்மலினில் கிடந்த மாதிரி என்றால் நான் வாங்குவதே இல்லை.

டிஎன்ஏவைச் சிலிக்கா சவ்வில் ஒட்டவைத்துப் பிரிக்கும் கிட் சுத்தமானது, சீக்கிரம் முடியும், குளோரோஃபார்ம் வாடை கிடையாது. ஆனால் ஜெல்லிமீனின் சளி வெண்டைக்காய்க் கொழகொழப்பு மாதிரி சவ்வை அடைத்துக்கொள்ளும். விலையும் கையைக் கடிக்கும்.

சிடிஏபியில் அந்தச் சளிக்கு ஒரு வழி இருக்கிறது. 2% சிடிஏபி, 1.4 மோலார் உப்பு, கூடவே புரதத்தைச் செரிக்கும் நொதியான ப்ரோட்டினேஸ் கே. செரித்து முடிய 65 டிகிரி சூடு. உப்பு இவ்வளவு இருந்தால் டிஎன்ஏ கரைசலிலேயே நிற்கும், சளியிலுள்ள சர்க்கரைப் பொருட்கள் பெரும்பாலும் பிரிந்துவிடும். அப்புறம் 24:1 குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால். டிஎன்ஏ இருக்கும் மேலடுக்கை எடுக்கும்போது பேராசை கூடாது, நடுவிலுள்ள வெள்ளைப் படலத்தைத் தொடாமல் கொஞ்சம் விட்டுவிடுங்கள். மேலடுக்கு இன்னும் வழவழப்பாக இருந்தால் இன்னொரு சுற்று. பிறகு டிஎன்ஏவைப் படிய வைக்க ஐசோபுரோப்பனால், கடைசியில் 70% எத்தனால் கழுவல்.

சில சமயம் புரதக் கலப்பைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் நல்ல அளவான 1.8 காட்டும், ஆனால் பிசிஆரில் (டிஎன்ஏ துண்டை நகலெடுத்துப் பெருக்கும் முறை) பட்டையே வராது. அப்போது சர்க்கரை, உப்பு போன்ற மிச்சங்களைக் காட்டும் 260/230 விகிதத்தைப் பாருங்கள், குறைவாக இருக்கும். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்க வைத்து, பிசிஆர் கலவையில் பிஎஸ்ஏ என்ற புரதத்தைச் சேர்த்தால் பெரும்பாலும் சிஓஐ (இனத்தை அடையாளம் காண உதவும் பார்கோடு மரபணு) பட்டை வந்துவிடுகிறது. ஔரேலியா போல, கண்ணால் பிரித்தறிய முடியாத இனங்கள் உள்ள பேரினத்துக்கு அந்தப் பட்டை இல்லாமல் பெயர் வைக்கவே முடியாது.

குறை என்று பார்த்தால் சிடிஏபிக்கு ஃப்யூம் ஹூட் (நச்சு ஆவியை வெளியேற்றும் பெட்டி) கட்டாயம், கழிவைத் தனியே சேர்க்க வேண்டும், ஒரு நாள் போய்விடும். பார்கோடு மட்டும் போதும், அவசரம் என்றால் திசுவைச் செலெக்ஸ் என்ற பிசின் மணிகளோடு சூடாக்கும் முறை சரி. அதில் கிடைப்பது ஒற்றை இழை டிஎன்ஏ. வருடக்கணக்கில் ஃப்ரீசரில் வைக்க நம்பாதீர்கள்.