மாசுபட்ட நிலத்தைச் சுத்தம் செய்யும் பயிற்சி: சான்றிதழ் கையில், வேலை தெரியாது

மாசுபட்ட மண்ணையும் நிலத்தடி நீரையும் ஆராய்ந்து சுத்தம் செய்யும் வேலைக்குப் போக நினைப்பவர்கள் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கட்டிவிட்டு அப்புறம்தான் யோசித்தேன். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே அச்சில் வார்த்த விளம்பரங்கள் நிறைய உலவுகின்றன, அந்த மாதிரி விளம்பரத்தை அடையாளம் தெரிந்துகொண்டால் போதும்.

ஐந்து நாள் பயிற்சி, அதில் இரண்டு நாள் களத்தில், முடிவில் 'சர்வதேச அங்கீகாரம்' உள்ள சான்றிதழ் என்றார்கள். யார் தந்த அங்கீகாரம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

முதல் நாள் முழுக்க அமெரிக்காவின் லவ் கெனால் என்ற ஊர்ப்பகுதியின் கதை. ரசாயனக் கழிவைப் புதைத்த இடத்தில் வீடும் பள்ளியும் எழுந்தது, 1978இல் அமெரிக்க அரசு நெருக்கடி நிலை அறிவித்தது, 1980இல் மாசுபட்ட இடங்களைச் சுத்தம் செய்வதற்கான சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்தது. எல்லாம் உண்மைதான், பாடம் நடத்தியவர் சுவாரசியமாகவும் சொன்னார். ஆனால் அது ஒரு மாலை நேரத்தில் நானே படித்துக்கொள்ளக்கூடியது.

இரண்டாம் நாள்தான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. பெட்ரோல் கசிந்தால் நிலத்தடி நீர் மட்டத்தின் மேல் மிதக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். சரி. அதே படத்தை வைத்துக்கொண்டு, உலோகத்தின் எண்ணெய்ப்பசை நீக்கப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீனும் அப்படித்தான் மிதக்கும், ஆகவே நிலத்தடி நீரைச் சோதிக்கத் தோண்டும் கண்காணிப்புக் கிணற்றில், நீர் உள்ளே வரும் துளையிட்ட குழாயை நீர் மட்டத்தை ஒட்டி வைத்தால் போதும் என்றார். அதன் அடர்த்தி நீரைப் போல கிட்டத்தட்ட 1.46 மடங்கு. நீரைவிடக் கனமானது எப்படி மிதக்கும்? நீர் மட்டத்தைத் தாண்டி இறங்கி, களிமண் அடுக்கு தடுக்கும் இடத்தில் குட்டையாகத் தேங்கும், பாறையில் விரிசல் இருந்தால் அதற்குள்ளும் போகும். மேலே குழாய் வைத்தவருக்கு ஆய்வக முடிவு அழகாக வரும், விஷம் கீழே இருக்கும்.

எழுந்து கேட்டேன். "அதெல்லாம் அடுத்த நிலைப் பயிற்சியில் வரும் சார்" என்றார். அதற்குத் தனிக் கட்டணம். தப்பாகச் சொன்னதைத் திருத்தக்கூடத் தனிக் கட்டணமா என்று கேட்க அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

இது சில்லறை விஷயமில்லை. அமெரிக்காவில் குடிநீரில் டிரைகுளோரோஎத்திலீனுக்கு அனுமதித்த வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தக் கரைப்பான் ஒரு லிட்டர் முழுதும் கரைந்தால் சுமார் 29 கோடி லிட்டர் நீரை அந்த வரம்பில் கொண்டுபோய் நிறுத்தும். நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவை பாதியில் நின்றுபோனால் வினைல் குளோரைடு தேங்கும், அது புற்றுநோய் தருவது. அந்தப் பெயரே வகுப்பில் வரவில்லை.

'இரண்டு நாள் களம்' ஒரு முற்பகலாகச் சுருங்கியது. எந்த மாசும் இல்லாத ஒரு வளாகத்தில் ஒரே ஒரு கிணறு. பெய்லரை, அதாவது கிணற்றிலிருந்து நீர் மொள்ளும் நீண்ட குழாய்க் குவளையை, இறக்கி, குழாயில் பல நாளாகத் தேங்கிக் கிடந்த நீரை அப்படியே மொண்டு பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி ஊற்றி, "இதுதான் மாதிரி" என்றார்கள். ஆவியாகும் பொருளைத் தேடுகிறவர்கள் அப்படிச் செய்யக் கூடாது. முதலில் மெதுவாகப் பம்ப் செய்து, அமிலத்தன்மை, மின்கடத்துதிறன் எல்லாம் அடுத்தடுத்த அளவீடுகளில் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் 40 மில்லி கண்ணாடிக் குப்பியை விளிம்பு பிதுங்க நிரப்பி மூட வேண்டும். தலைகீழாகத் தட்டிப் பார்க்கும்போது குமிழி தெரிந்தால் அந்த மாதிரி வீண், தேடுகிற பொருள் அந்தக் குமிழிக்குள் போய்விடும். மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்று எழுதும் படிவத்தையும் யாரும் காட்டவில்லை. வழக்கு என்று வந்தால் முதலில் கேட்கப்படுவது அந்தத் தாளைத்தான்.

இதையெல்லாம் நான் பின்னால் வேலையில் அடிபட்டுத்தான் கற்றேன். முதல் பணியில் மூன்று கிணறுகளில் நீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன். மூத்த பொறியாளர் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, குழாய் வாயோட மட்டம் எடுத்தீங்களா?" என்றார். எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்பதே தெரியாது. மூன்று குழாய்களின் வாயும் வேறு வேறு உயரத்தில் இருக்கும்போது வெறும் ஆழத்தை ஒப்பிட்டு என்ன பயன்? மட்டம் எடுத்துக் கணக்கிட்டதும் அம்பு கிட்டத்தட்ட எதிர்த்திசைக்குத் திரும்பிவிட்டது. அடுத்த கிணற்றை என் அம்பை நம்பித் தோண்டியிருந்தால் மாசு வருகிற பக்கத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தோண்டியிருப்போம்.

ஆகவே சேரும் முன் அவர்களிடம் கேளுங்கள்: களத்தில் எத்தனை கிணறு, குழாய் வாயின் உயரத்தை அளக்கும் மட்டக் கருவியை மாணவர் கையில் கொடுப்பார்களா, மாதிரி உண்மையில் ஆய்வகத்துக்குப் போகுமா, வெற்று மாதிரியும் (வெளியிலிருந்து மாசு கலந்ததா என்று பார்க்கச் சுத்த நீரில் எடுப்பது) இரட்டை மாதிரியும் (ஒரே கிணற்றில் இரண்டாவதாக எடுத்து ஒப்பிடுவது) எடுக்கச் சொல்லித் தருவார்களா, பாடம் நடத்துபவர் தானே எழுதிய ஓர் ஆய்வறிக்கையைப் பெயர்களை மறைத்தாவது காட்டுவாரா. அமெரிக்காவில் இத்தகைய இடங்களில் வழக்கமாக வேலை செய்கிறவர்களுக்கு 40 மணி நேர வகுப்போடு, மேற்பார்வையில் மூன்று நாள் களப்பணியும் கட்டாயம். அதுவும் பாதுகாப்புக்கான அடிப்படைப் பயிற்சி மட்டும்தான். எனக்குக் கிடைத்தது ஒரு முற்பகல்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு இரண்டு முறை எழுதினேன். அடுத்த நிலைப் பயிற்சியில் சலுகை தருவதாகப் பதில் வந்தது. கூடவே அவர்களுடைய புதிய விளம்பரம். அதில் தலைக்கவசத்தோடு கிணற்றின் மேல் குனிந்து பெய்லரைப் பிடித்திருப்பது நான்தான். அந்தப் படத்தை நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன், இன்னும் நீக்கவில்லை.